சாயங்கால மாத்திரையும் ராத்திரி பதினொன்றரையும்

ஏடிஹெச்டி மருந்து பற்றிப் போன எபிசோட்ல பேசினதுக்கு அப்புறம் பல பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து பையன் தூங்கவே மாட்டேங்கிறான், நிறுத்திடலாமா?" நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். ஆனா இதே கேள்வி எங்க வீட்டுக்கும் வந்தது.

அக்கா பையனுக்கு 9 வயசு, அடையாறில் இருக்காங்க. அவனுக்குக் கொடுப்பது மெத்தில்ஃபெனிடேட். 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியல்ல இருக்கிற மருந்து, எல்லா மெடிக்கல் ஷாப்லயும் வெச்சிருக்க மாட்டாங்க. இதுக்காக தி.நகர்ல நாலு கடை ஏறி இறங்கியிருக்கேன். சாதாரண மாத்திரை ஒன்று சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். காலையில் ஒன்று, ஸ்கூல்ல மதியம் ஒன்று. சாயங்காலம் மயிலாப்பூர்ல, எங்க அம்மா வீட்டுப் பக்கத்துல டியூஷன். அங்கே ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான்னு மிஸ் சொன்னதும், டாக்டரைக் கேட்காமலே மதிய மாத்திரையை 5 மணிக்குத் தள்ளிட்டா அக்கா. ஸ்கூல்ல மதியத்துக்கு மேல பி.டி., டிராயிங்தானேன்னு ஒரு சமாதானம்.

இப்போ கணக்குப் போடுங்க. இந்த மருந்தோட அரை ஆயுள் தோராயமா 2-லிருந்து 3 மணி நேரம். 3ன்னே வெச்சுக்கிட்டா, 5 மணிக்குப் போட்டது 8 மணிக்குப் பாதி, 11 மணிக்குக் கால் பங்கு உடம்புல இருக்கும். டியூஷன் முடிஞ்சதும் அம்மா பேரனுக்கு அரை டம்ளர் காபி வேற. அதுவும் ஸ்டிமுலன்ட்தான், நம்ம வீடுகள்ல யாரும் அதை இந்தக் கணக்குல சேர்க்கிறதில்லை. பையன் தூங்க 11:30 ஆச்சு. காலையில் 6 மணிக்கு எழுப்பணும். அந்த வயசுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும். தூக்கம் குறைஞ்ச குழந்தை பல சமயம் சோர்ந்து உட்காராது, இன்னும் துறுதுறுன்னு ஆகும். அதைப் பார்த்துட்டு "டோஸ் பத்தலை"ன்னு நினைச்சோம்.

2015ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. ஸ்டிமுலன்ட் எடுக்கிற குழந்தைகளுக்குத் தூக்கம் வர நேரமாகுது, தூங்குற நேரமும் குறையுதுன்னு அதில் இருக்கு. ஆனா மருந்தே தொடாத ஏடிஹெச்டி குழந்தைகளிலும் பலருக்குத் தூக்கம் லேட்டாதான் வரும். சிலருக்கு மருந்து இறங்குற நேரத்துல ஆட்டம் கூடி, அதனாலயே தூக்கம் கெடும். அவங்களுக்கு டாக்டரே சாயங்காலம் சின்ன டோஸ் கொடுக்கிறதும் உண்டு. வீட்டிலேயே உட்கார்ந்து "மாத்திரைதான் காரணம்"னு தீர்ப்பு சொல்ல முடியாது.

கடைசியில் டாக்டர்கிட்ட போய் அக்கா உண்மையைச் சொன்னா. அவர் திட்டலை. "மாத்திரைக்கு முன்னாடி எத்தனை மணிக்குத் தூங்குவான்?"னு கேட்டார். அக்கா 9:30ன்னா, மாமா 11ன்னார். குறட்டை விடுவானான்னு கேட்டதுக்கு ரெண்டு பேருக்கும் தெரியலை. ஆபீஸ்ல ஒரு சின்ன மாற்றத்தை லைவ்ல போடுறதுக்கு முன்னாடிகூட பழைய நம்பரை எடுத்து வைக்கிறவன் நான். பையன் விஷயத்துல அது எனக்கும் தோணலை. மருந்து ஆரம்பிக்கப் போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எழுதி வைங்க: படுத்த நேரம், தூங்கின நேரம், எழுந்த நேரம், குறட்டை. ஆரம்பிச்ச பிறகு மாத்திரை போட்ட நேரத்தையும் சேர்த்துக்கோங்க.

டாக்டர் சொன்னபடி மாத்திரை மதியத்துக்கே திரும்பிடுச்சு. டியூஷனைச் சனிக்கிழமை காலைக்கு மாத்தினோம், மிஸ்ஸைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு மாசம் ஆச்சு. நேத்து ராத்திரி நோட்டுல 10:10ன்னு இருக்கு. காபி விஷயமா அம்மாகிட்ட பேச்சுவார்த்தை இன்னும் நடக்குது.