கலாசாலையும் சர்வகலாசாலையும்

(ஆலங்குடியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

கல்வியைப் பற்றிப் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கடிதம் எழியபோது, கல்வியின் பெருமையை அடியேன் எடுத்துரைப்பேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். கல்வி சிறந்ததென்பதை அறியாதவர் இப்பந்தலில் ஒருவரும் இலர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கஜா புயல் அடித்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்த காலத்திற்கூட, பிள்ளையின் கலாசாலைச் சம்பளத்தை நிறுத்தாமற் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்கள் இவ்வூரிலும் வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலும் எத்தனையோ உள. அப்படிக் கட்டிய பணம் எதற்குக் கட்டப்பட்டது, அதற்கு ஈடாகக் கிடைக்கும் பட்டத்தை யார் கொடுக்கிறார் என்னும் விஷயத்தையே இன்று பேசத் துணிந்தேன். தலைப்பு வறண்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சொந்த விருத்தாந்தம். என் தமக்கையார் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். ஒரு தனியார் கலாசாலையில் புதிதாக ஒரு பட்ட வகுப்புத் தொடங்கியிருப்பதாகத் துண்டுப் பிரசுரம் வந்தது. கலாசாலையின் பெயரையும் ஊரையும் கூறுதல் இங்கே அவசியமில்லை. நானே அவனை அழைத்துச் சென்றேன். கட்டடம் பெரிது, வாயிலிலே சர்வகலாசாலையின் பெயரும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. "இந்த வகுப்புக்கு இணைப்பு உண்டா?" என்று கேட்கும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. "விண்ணப்பம் போட்டிருக்கிறோம், ஐயா, உத்தரவு வந்துவிடும்" என்றார் அங்கிருந்தவர். அவ்விடையைப் போதுமென்று கொண்டது என் பிழை. பரீட்சைக் காலம் வந்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் நுழைவுச் சீட்டு வந்தது. இந்த வகுப்பாருக்கு வரவில்லை. கலாசாலை இணைந்திருந்தது மெய்; ஆனால் அந்த வகுப்பு இணையவில்லை. கட்டிய பணத்திற் பாதி திரும்பிற்று. போன வருஷம் திரும்பவில்லை. பையன் மறு ஆண்டு வேறிடத்தில் முதலிலிருந்து தொடங்கினான். என் தமக்கையார் இன்றளவும் என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை; அதுவே எனக்குப் பெருந் தண்டனை.

ஆகவே இணைப்பு என்பது யாது? அதன் வரலாற்றைச் சிறிது கூறுவேன்.

1854-ஆம் ஆண்டின் கல்விச் சாசனத்தை ஒட்டி, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிற் சர்வகலாசாலைகள் சட்டத்தால் ஏற்பட்டன. லண்டன் சர்வகலாசாலையே அவற்றிற்கு மாதிரி. சென்னைச் சர்வகலாசாலை தன் முற்பகுதிக் காலத்தில் தானே பாடஞ் சொல்லும் இடமாக இருக்கவில்லை. பாடத்திட்டம் வகுத்தலும், பரீட்சை நடத்தலும், பட்டம் அளித்தலுமே அதன் வேலை. கற்பித்தது கலாசாலை, அளந்து பார்த்தது சர்வகலாசாலை. நம் கடலை மண்டியில் எடைக்கல்லுக்கு அரசாங்க முத்திரை வேண்டியிருப்பதைப் போல என்று கொள்ளலாம். வியாபாரி நல்லவராயிருப்பினும் தம் கல்லுக்குத் தாமே முத்திரை குத்திக்கொள்ளக் கூடாதன்றோ?

ஆனால் பரீட்சையை மாத்திரம் பார்த்தாற் போதாது என்பது அரை நூற்றாண்டிற்குள் புலனாயிற்று. உபாத்தியாயரும் புத்தகசாலையும் இல்லாத இடங்களிலும் மனப்பாடத்தாற் பிள்ளைகள் தேறினர். 1904-ஆம் ஆண்டு கர்ஸன் பிரபு காலத்தில் இந்திய சர்வகலாசாலைச் சட்டம் வந்தது. கலாசாலைக்கு ஒழுங்கான நிர்வாக சபை உண்டா, ஆசிரியர்கள் தகுதியுடையவரா, கட்டடம், புத்தகசாலை, சோதனைச்சாலை, பண வசதி, மாணவர் தங்கும் இடம் ஆகியவை எப்படி என்று விசாரித்தே இணைத்தல் வேண்டும். இணைத்த பின்னும் காலந்தோறும் பரிசோதித்தல் வேண்டும் என்று விதித்தது. கோகலே அவர்கள் அச்சட்டத்தை வன்மையாக எதிர்த்தார். இந்தியர் தம் முயற்சியால் நடத்தும் கலாசாலைகளின்மேல் அரசாங்கத்தின் பிடி இறுகிவிடும் என்பது அவரது அச்சம். அந்த அச்சம் வீணென்று நான் சொல்லமாட்டேன். எனினும் இன்று நம் மாணவர்களைக் காக்கும் விதிகளுக்கு வேர் அச்சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே சட்டத்தைப் பற்றி இரண்டு எண்ணங்களும் எனக்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

சென்னையின் ஆளுகை ஒரு காலத்தில் தென்னாடு முழுவதும் பரந்திருந்தது. 1916-இல் மைசூரும், 1926-இல் ஆந்திரமும், 1937-இல் திருவாங்கூரும் தத்தமக்குச் சர்வகலாசாலை அமைத்துக்கொண்டன. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை எழுந்தது. நம் பிரதேசம் மாத்திரம் வெகுகாலம் சென்னையையே நம்பியிருந்தது. 1982-இல் திருச்சிராப்பள்ளியிற் பாரதிதாசன் பல்கலைக்கழகம் அமைந்த பின்னரே நம் பட்டங்கள் அருகில் வந்தன.

இங்கே புதுக்கோட்டை மன்னர் கலாசாலையைப் பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல எனக்கு மனமில்லை. சேஷையா சாஸ்திரியார் திவானாயிருந்த நாளில், 1880-இல், அது கலாசாலையாக உயர்ந்தது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். தனக்கென்று அம்மன் காசு அடித்த அரசு. 1948 மார்ச்சு மாதத்தில் இந்திய யூனியனோடு இணையும் வரையில் தொண்டைமான் மன்னரே ஆண்டார். அப்படியிருந்தும் மன்னர் கலாசாலை சென்னைச் சர்வகலாசாலையின் பாடத்தையே நடத்திற்று; அதன் பரீட்சைக்கே பிள்ளைகளை அனுப்பிற்று. காசடிக்க அதிகாரமுள்ள மன்னரும் பட்டம் அடிக்க முற்படவில்லை!

அம்மன்னர் கலாசாலையிலேதான் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் படித்தார். ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரிற் கூச்சல் எழுந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அக்கூச்சலைப் பொருட்படுத்தாமல் அனுமதி தந்தார். 1907-இற் சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து, 1912-இல் அவ்வம்மையார் வைத்தியப் பட்டம் பெற்றார். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பரீட்சைக் கூடத்தின் விதி அவரைத் தடுக்கவில்லை. தடுக்க முயன்றது ஊர்ப் பேச்சு. வெளியிலுள்ள ஒரு பொது விதி, உள்ளூர்க் குறுகிய எண்ணத்திலிருந்து நம்மைக் காப்பதும் உண்டு. நம்மைப்போன்ற சங்கத்தார் இதைக் கேட்டுச் சிறிது கூச்சப்பட்டாலும் நன்றே.

இனி இக்காலத்து நடைமுறை. ஒரு கலாசாலையைத் தொடங்குவோர் அரசாங்கத்தின் சம்மதமும் சர்வகலாசாலையின் இணைப்பும் பெறல் வேண்டும். சர்வகலாசாலை ஒரு குழுவை அனுப்பும். குழு நேரில் வந்து பார்த்து அறிக்கை தரும். அதன் மேல் ஆட்சிக் குழு தீர்மானிக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதிகளின்படி, மாநகரமல்லாத இடத்தில் வழக்கில்லாத சொந்த நிலம் ஐந்து ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். வகுப்பறையில் மாணவன் ஒருவனுக்குப் பதினைந்து சதுர அடியும், சோதனைச்சாலையில் இருபது சதுர அடியும் வேண்டும். முதலிற் கிடைப்பது தற்காலிக இணைப்பே. ஐந்தாண்டுகள் செவ்வையாக நடத்திக் காட்டிய பின்னரே நிரந்தர இணைப்புக்குக் கேட்கலாம். கலாசாலைக்கு இணைப்பு இருந்தாற் போதாது. ஒவ்வொரு பாட வகுப்புக்கும் தனித்தனியே வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நான் முன்னமே அறிந்திருந்தால் என் மருமகனுக்கு ஓர் ஆண்டு மிஞ்சியிருக்கும்.

தன்னாட்சிக் கலாசாலை என்று சில உண்டு. 1978-இல் நம் தமிழ்நாட்டிலேதான் அம்முறை முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சி பெற்ற கலாசாலை தானே பாடத்திட்டம் வகுத்துத் தானே பரீட்சை நடத்தலாம். ஆயினும் பட்டம் அளிப்பது சர்வகலாசாலையே. நம் மன்னர் கலாசாலையும் இன்று தன்னாட்சி பெற்றதே. ஆகவே 'தன்னாட்சி' என்னும் சொல்லைக் கண்டு இணைப்பில்லாதது என்று யாரும் மயங்க வேண்டா.

எல்லாப் படிப்பும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்ததென்று எண்ணுவது மற்றொரு மயக்கம். பொறியியல் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. வைத்தியமும் தாதியர் பட்டமும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. உபாத்தியாயர் பயிற்சிப் பட்டத்துக்கும் சட்டத்துக்கும் வேறு வேறு பல்கலைக்கழகங்கள் உள. கடைவீதி மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, "நர்சிங் பயிற்சி" என்று பலகை மாட்டி, நம் பெண் குழந்தைகளிடம் பணம் வாங்குவோர் பல ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்கள் தரும் காகிதத்தைக் கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர முடியாது. அதனைச் சேர்ப்பதற்கு முன்னே கேட்டறிதல் நலம். பிள்ளை மூன்று வருஷம் ஊசி போடக் கற்ற பின்பு கேட்பதில் பயனில்லை.

விதிகள் இவ்வளவு இருந்தும் மேற்பார்வை செவ்வையாக நடக்கிறதா என்று கேட்பீர்கள். எப்பொழுதும் நடப்பதில்லை. 2024 ஜூலை மாதத்தில் அறப்போர் இயக்கத்தார் ஒரு செய்தியை வெளியிட்டனர். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியற் கலாசாலைகளின் ஆசிரியர் பட்டியல்களில், முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கலாசாலைகளிற் காணப்படுகிறதென்பதே அது. ஒரே மனிதர் ஒரே காலத்திற் பல ஊர்களில் முழுநேர ஆசிரியராயிருத்தல் சித்தர்களுக்கே கூடும். பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்க நேர்ந்தது. பரிசோதகர் வரும் நாள் முன்னமே தெரிந்திருப்பதும், அன்றைக்கு மாத்திரம் அலமாரிகள் நிறைவதும் புதுமையல்ல. நூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகளைத் திருச்சியிலிருந்து ஓர் அலுவலகம் கண்காணிப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காவேரிக் கரையிலிருந்து வேதாரணியக் கடற்கரை வரையில் அதன் எல்லை. ஆதலால் பரிசோதகரின் கண் ஒன்றையே நம்பாமல், பெற்றோரின் கண்ணும் உடன் இருத்தல் வேண்டும்.

இப்பொழுது நம் சங்கத்தில் நடக்கும் விவாதத்துக்கு வருகிறேன். சென்ற கூட்டத்தில் இளைஞர் சிலர், நம் குலத்தார் பெயரால் ஒரு கலாசாலை நிறுவ வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தனர். அவர்களது ஆர்வத்தை நான் போற்றுகிறேன். ஆயினும் அத்தீர்மானத்திற்கு என் சம்மதம் இல்லை, காரணங் கூறுகிறேன்.

அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்புக்கு மேற்சொன்ன கணக்கின்படி தொள்ளாயிரம் சதுர அடி அறை வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு மூன்று அறை. ஐந்து பாடம் வைத்தாற் பதினைந்து அறை. இவற்றோடு சோதனைச்சாலை, புத்தகசாலை, ஐந்து ஏக்கர் நிலம். இதையெல்லாம் ஒருகால் நம் தனவந்தர்கள் தந்துவிடக் கூடும். தகுதி பெற்ற ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் தகுந்த சம்பளம் யார் தருவது? பிள்ளைகளின் கட்டணமே தரவேண்டும். அப்பொழுது நம் குலத்து ஏழைப் பிள்ளையே முதலில் வெளியே நிற்பான். சம்பளத்தைக் குறைத்தாலோ, சற்றுமுன் நான் எள்ளி நகையாடிய பட்டியல்களில் நம் சங்கத்தின் பெயரும் ஏறும்.

மேலும், 2021-இல் அரசாங்கம் அறிவித்த பத்துப் புதிய அரசு கலை அறிவியற் கலாசாலைகளில் நம் ஆலங்குடியும் ஒன்று. திருச்சுழி, தாளவாடி, கூத்தாநல்லூர் முதலிய ஊர்களோடு நமக்கும் அது கிடைத்தது. குரு பகவான் எழுந்தருளியிருக்கும் ஆலங்குடி திருவாரூர் ஜில்லாவில் உள்ளது. அவ்வூருக்கு யாத்திரிகர் வருகின்றனர். நம் ஆலங்குடிக்குக் குருமார்கள் சர்க்கார் உத்தரவினால் வந்தனர். முன்னே நம் பெண் குழந்தைகள் புதுக்கோட்டைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய் வந்ததையும், அதைக் காரணமாகக் காட்டிச் சிலர் படிப்பை நிறுத்தியதையும் நாம் மறந்துவிடவில்லை. வீட்டு வாயிலில் அரசு கலாசாலை இருக்க, இரண்டாவது கட்டடம் எதற்கு?

ஆகையால் நான் கொண்டுவரும் மாற்றுத் தீர்மானம் இது. சங்க நிதியைக் கொண்டு உள்ளூரில் மாணவர் விடுதியும், அதை அடுத்து மாணவிகளுக்கு வேறோர் விடுதியும் அமைக்க வேண்டும். நம் குலத்தார்க்கு மாத்திரம் என்று வைக்காமல் எல்லா வகுப்பு ஏழைப் பிள்ளைகளுக்கும் அவற்றில் இடம் வேண்டும் என்பதும் என் விண்ணப்பம். இதில் மாறுபட்ட எண்ணம் உடையோர் எழுந்து பேசட்டும். மிச்சமுள்ள பணத்தை உபகாரச் சம்பளமாகத் தரலாம். அதற்கு ஒரு நிபந்தனை: மாணவன் சேர விரும்பும் கலாசாலைக்கும், அவன் சேரும் பாடத்துக்கும், அந்த ஆண்டுக்குச் செல்லத்தக்க இணைப்பு உத்தரவின் நகலைக் கண்ணாற் கண்ட பின்னரே பணம் கொடுக்கப்படல் வேண்டும்.

இதனைப் பார்ப்பதற்கு ஆங்கிலம் நன்கறிந்த மூவர் கொண்ட ஒரு குழுவை நியமிக்கலாம். மேல்நிலைப் பரீட்சை முடிவு வெளியானது முதல் கலாசாலைகள் திறக்கும் வரையில், ஞாயிறுதோறும் காலையில் அக்குழு சங்கக் கட்டடத்தில் இருக்கட்டும். பெற்றோர் துண்டுப் பிரசுரத்தை எடுத்து வந்து காட்டட்டும். சந்தேகமிருப்பின் குழுவே அந்தந்தப் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு எழுதிக் கேட்கட்டும். அதில் ஒருவனாக இருக்க அடியேன் சித்தமாயிருக்கிறேன். "விண்ணப்பம் போட்டிருக்கிறோம்" என்னும் விடையை இனி ஒருமுறை கேட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.

தீர்மானத்தின் நகலைக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். பிற்பகற் கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வரும்.