எல்லைச் சிற்றூர்ப் பள்ளிகளில் கைவினையும் இரு மொழியும்

(உரையின் எழுத்து வடிவம்)

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஆட்சி எல்லை அமைந்தது. ஆயினும் மக்களின் தொழிலும் கலையும் அவ்வெல்லையோடு நின்றுவிடவில்லை. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சரஸ்வதி தேவியின் ஊர்வலம் இன்றும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகவே செல்கிறது.

இத்தகைய பகுதியில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் வழங்கும் குழந்தை, வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவது இயல்பு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு. பாடநூலும் ஆசிரியரும் இதற்கு இன்றியமையாதவை. ஆனால் தயக்கம் நீங்க, குழந்தையின் மொழிக்கு வகுப்பில் ஒரு வேலையும் இருத்தல் வேண்டும். அவ்வேலையை அளிக்க வல்லது, இரு மொழியிலும் நடைபெறும் செய்முறைப் பயிலரங்கு.

நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாலராமபுரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் (1798-1810) பெயரைத் தாங்கிய இவ்வூரில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த சாலியர் நெசவாளர் குடியமர்த்தப்பட்டனர். குழித்தறியில் அவர்கள் நெய்த கசவுத் துணி கேரளத்தின் அடையாளமாயிற்று. மலையாளிகள் ஓணத்திற்கு உடுத்தும் ஆடையில் தமிழ் நெசவாளரின் கைத்திறன் கலந்திருக்கிறது. அத்தறியின் முன் மாணவர்களை அமர்த்தினால், 'தறி', 'நூல்', 'பாவு' என்னும் சொற்கள் இரு மொழிக்கும் பொது என்பதையும், தமிழில் 'ஊடை' என்பது மலையாளத்தில் 'ஊடு' ஆவதையும் அவர்கள் தாமே கண்டறிவர்.

வில்லுப்பாட்டும் அத்தகையதே. மலையாளத்தில் 'வில்லடிச்சான் பாட்டு' என வழங்கும் இக்கலை எல்லையின் இருபுறமும் வாழ்கிறது. வில்லில் மணி கட்டவும், குடத்தில் தாளம் தட்டவும், தம் ஊர்ச் செய்தி ஒன்றை இரு மொழியிலும் பாட்டாக்கவும் மாணவர்க்கு ஒரு நாள் போதும். அங்கே தமிழறிந்த குழந்தை மற்றவர்க்கு மொழிபெயர்ப்பாளராகிறது.

இம்முறை புதியதன்று. 1979-இல் புது தில்லியில் நிறுவப்பட்ட பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குக் கைவினைப் பயிற்சி அளித்து வருகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் ஏதேனும் ஒரு காலத்தில் 10 நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், கலைஞர் முதலியோரிடம் பயிலப் பரிந்துரைக்கிறது.

அதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, கைவினைஞர் காட்சிப் பொருளாக அன்றி ஆசிரியராக அழைக்கப்பட்டு, அன்றைய கூலிக்குக் குறையாத மதிப்பூதியம் பெறுதல் வேண்டும். இரண்டாவது, கருவிகளின் பெயர்களை இரு எழுத்திலும் மாணவர்களே எழுதித் தொகுத்தல் வேண்டும். மூன்றாவது, எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளிகளும் பங்குபெற இரு மாவட்டக் கல்வித் துறைகளும் ஒத்துழைத்தல் வேண்டும்.

இதில் காலத்தாழ்வு கூடாது. போதிய வருவாயின்மையால் இளைஞர் தறியை விட்டு விலகுகின்றனர். தறி நின்றால் அதன் சொற்களும் வழக்கொழியும். அவற்றை அகராதியில் சேர்க்கலாமே தவிர, கைப்பழக்கத்தைச் சேர்த்துவைக்க இயலாது. நெசவாளர் தறியில் அமர்ந்திருக்கும்போதே குழந்தைகள் அவரிடம் செல்லுதல் வேண்டும்.