உள்ளிருந்து ஒலிக்கும் குரல்

உள்ளத்தின் மென்மையைக் கோழைமை எனக் கருதுவோர் உளர். 1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடே காந்தியடிகளின் கட்டளையை எதிர்நோக்கி நின்றது. அவரோ சபர்மதி ஆசிரமத்தில் அகக்குரலுக்காகப் பல வாரங்கள் காத்திருந்தார். பின்னர்த் தோன்றியது உப்பு! தலைவர்கள் சிலரே திகைத்தனர். ஏழையின் கஞ்சிக்கலயத்திலும் வரி கலந்திருந்ததைக் கண்டுகொள்ளக் கூர்த்த அறிவு மட்டும் போதவில்லை, இரக்கமும் வேண்டியிருந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் அவர் உப்பை அள்ளினார்.

அக்குரல் எளிதில் கேட்டதன்று. வைகறைப் பிரார்த்தனை, நாள்தோறும் நூற்றல், திங்கட்கிழமை மௌனம் ஆகியவற்றால் தம் செவியைப் பழக்கியவர் அவர். மனத்தில் எழும் ஆசையெல்லாம் அகக்குரல் ஆகாது என்பதையும் அவர் வற்புறுத்தினார். மௌன நாளில், சொல்லவேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார். ஒரு வகுப்பைக் கால்மணி நேரம் மௌனமாக அமர்த்துவதே எத்துணை அரிது என்பதை ஆசிரியனாகிய நான் நன்கு அறிவேன்!