போலிக் அமிலம்: ஒரு சின்னக் குளிசையின் கதை



மருந்துகள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று பேசக் கேட்டீர்கள். தாய்மார் கிளினிக்கில் நம்மில் பலர் வாங்கிய ஒரு குளிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: போலிக் அமிலம்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கடும் இரத்தச்சோகை வந்தது, உயிரிழப்பும் இருந்தது. வில்ஸ் அவர்களுடைய சாப்பாட்டை ஆராய்ந்தார். நாங்கள் பாணில் பூசுகிற மாமைற்றை முதலில் சோகைபிடித்த குரங்குக்கும், பிறகு கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். அவர்கள் தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார்.

மாமைற்றில் இருந்த அந்தப் பொருள் எது? 1941இல் பசளியைப் போன்ற ஒரு கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீனில் இலைக்கு 'போலியம்' என்று பெயர். அதனால் போலிக் அமிலம் ஆயிற்று. 1945இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டி.என்.ஏ.யும் இரட்டிக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் எலும்பு மச்சையில் செங்குருதிக் கலங்கள் பருக்குமே தவிர, ஒழுங்காகப் பிரிந்து முதிரா. அதுதான் அந்தச் சோகை.

இதே அறிவைத் திருப்பிப் போட்டும் மருந்து செய்தார்கள். போலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தால், வேகமாகப் பிரியும் புற்றுநோய்க் கலங்கள் தடைப்படும். சுப்பாராவின் ஆய்வுகூடம் தயாரித்த அத்தகைய மருந்தைச் சிட்னி பாபர் 1947இல் இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் உறவு மருந்துதான் மெதோட்ரெக்சேற். இன்று மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிறார்கள்.

சகோதரிகளே, இரண்டு விடயங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்று: சிசுவின் மூளையும் முண்ணாணும் உருவாகும் குழாய், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடும். பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. ஆகவே பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே போலிக் அமிலம் தொடங்க வேண்டும். முருங்கையிலையும் பயறும் நல்லவைதான். ஆனால் குளிசைக்குப் பதிலாகா.

இரண்டு: மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இதனோடு கொடுக்கும் போலிக் அமிலமும் சிறிய மஞ்சள் குளிசையாகவே இருக்கலாம். அம்மாவின், அம்மம்மாவின் மருந்துப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். எது எந்த நாளுக்கு என்று பெரிய எழுத்தில், தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

நூறு ஆண்டுகளாக இப்பள்ளிக்கூடம் எங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தந்தது. மருந்துச் சீட்டையும் வாசிப்போம், விளங்காததைக் கேட்போம்.