தண்ணீர் குடிப்பது அரசியலா?



மனிதச் செயல் என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு இரண்டு பேர் தரும் பதிலை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஹன்னா அரெண்ட். இன்னொருவர் அண்ணல் அம்பேத்கர்.

1958இல் வெளிவந்த நூலொன்றில் மனிதர்கள் செய்வதை அரெண்ட் மூன்றாகப் பிரிக்கிறார். உயிர்வாழத் திரும்பத் திரும்பச் செய்வது உழைப்பு. நிலைத்து நிற்கும் பொருளை உருவாக்குவது ஆக்கம். சமமானவர்கள் நடுவே பேசி, புதிதாக ஒன்றைத் தொடங்குவது செயல். இந்த மூன்றாவதுதான் அரசியல். பசியும் தாகமும் அரசியலுக்கு வெளியே நிற்கின்றன.

1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கரும் திரளான மக்களும் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கினார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வெறும் தாகத்தின் மீது யாருக்கும் இவ்வளவு ஆத்திரம் வராது. அந்தக் கையளவு நீரில் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சமமானவர்கள் கூடிய பிறகுதான் அரெண்டின் செயல் தொடங்குகிறது. மகத்திலோ சமத்துவத்தை உண்டாக்குவதே செயல்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்கவில்லை. 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். யாரோடு சேர்ந்து படிப்பது என்பது சமூக விவகாரம், அதில் அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1959இல் அரெண்ட் எழுதினார். அந்தப் பிள்ளைகளின் தியாகம் தனக்குப் புரியவில்லை என்று பின்னாளில் எழுத்தாளர் ரால்ஃப் எலிசனுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் 'மனசு மாறணும், இதில் அரசியல் எதற்கு' என்று நம் ஊரில் சொல்பவர்கள் இன்றும் அதே கோட்டைத்தான் போடுகிறார்கள்.

1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விதியையும் கொள்கையையும் பிரித்துக் காட்டுகிறார். விதி, இதைச் செய் என்று கட்டளையிடும். அதன்படி நடப்பவருக்குப் பொறுப்பில்லை. கொள்கை நம்மை யோசிக்க வைக்கும்; பொறுப்பும் நம்முடையதாகும். பிறப்பால் வந்த கடமையைச் செய் என்பது விதி. அதில் அறம் கிடையாது. குளத்தில் இறங்கியவர்கள் விதியை மீறினார்கள், விளைவுக்குத் தாங்களே பொறுப்பேற்றார்கள். அறமும் அரசியலும் அங்கே ஒரே செயலாக இருந்தன.

ஆகவே தோழர்களே, கோயில் நுழைவும் சாதி மறுப்புத் திருமணமும் 'தனிப்பட்ட விஷயம்' என்று யாராவது சொன்னால், அதைத் தடுக்கத் தடியோடு வருபவர்கள் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.