மண்ணில் உள்ள மருந்து



நம் கம்பம் பள்ளத்தாக்கில் கோடை மழையின் முதல் தூற்றல் விழுந்ததும் மண் வாசனை எழும்புகிறதல்லவா? பூமாதேவி குளிர்ந்துவிட்டாள் என்பார்கள் நம் பெரியவர்கள். உண்மையில் அவ்வாசனையைப் பெரிதும் உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத மண் கிருமிகளேயாகும். இக்கிருமி கசியவிடும் சரக்கு மற்றக் கிருமிகளை ஒடுக்கும். க்ஷயரோகத்திற்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் இவ்வினத்திலிருந்தே அமெரிக்காவில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து 1948-ல் ஆரியோமைசின் வெளிவந்ததும் இவ்வினத்தாலேயே.

நிற்க, நாம் இன்று சொல்ல வந்தது இதற்கும் மேற்பட்டதொரு சங்கதி. இத்தாலி தேசத்தில் காஸ்டெல் டெல் மான்டே என்னும் பழங்கோட்டையருகே எடுத்த மண்ணில் இவ்வினக் கிருமி ஒன்று அகப்பட்டது. அது தந்த டானோரூபிசின் என்னும் சிவப்புச் சரக்கு இரத்தப் புற்றுநோய்க்கு உதவிற்று. ஆனால் இருதயத்தைக் கெடுத்தது. மிலான் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் இதற்காக எந்தக் கோயிலுக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. கிருமியின் பரம்பரைத் தன்மையைத் திரியச் செய்யும் ஓர் இரசாயனத்தை அதற்குக் கொடுத்து, பிறந்த திரிபுகளை வளர்த்துச் சோதித்தார்கள். அதில் ஒரு திரிபு, தாய்க்கிருமி தந்ததைவிட ஒரே ஒரு பிராணவாயு அணு கூடுதலான புதுச் சரக்கைத் தந்தது. 1969-ல் வெளியான அதன் பெயர் டாக்சோரூபிசின். அந்த ஓரணு வித்தியாசத்தால், மார்புப் புற்றுநோய் முதலிய கட்டிகளுக்கும் அது மருந்தாயிற்று!

இருதயத்திற்கு இதனாலும் கெடுதல் உண்டு. ஆதலால்தான் வைத்தியர்கள் இருதயத்தைச் சோதித்து, அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். இதை மறைத்துப் பேசினால் கோடாங்கிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. எதையும் சுரக்காமல் சும்மா கிடந்த மண் கிருமிகளிலும் திரிபு உண்டாக்கி, பைபெரிடாமைசின் என்னும் புதுச் சரக்கை ஜப்பானியர் கண்டதாக 2009-ல் அறிவித்தார்கள். கிருமிக்குள் உறங்கிக் கிடந்த சக்தியைத் திரிபு எழுப்பிவிட்டது.

நமக்குத் தெரிந்த ஒரு தாயார் மார்பில் கட்டி கண்டு, வெட்கத்தால் மறைத்து, பிறகு கோடாங்கியிடம் போனார். அவன் கொடுத்தது புற்றுமண்! பூசிப் பூசி எட்டு மாதம் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. மண்ணில் மருந்திருப்பது மெய்தான். மிலான்காரன் எடுத்ததும் மண்தான். அவன் சோதித்தான், இவன் பூசச் சொன்னான்.

உங்கள் வீட்டுப் பெண்கள் கட்டி என்று சொன்னால் அன்றைக்கே க.விலக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கூச்சப்பட்டால் நம் தோழர் வீட்டுப் பெண் ஒருவரைத் துணைக்கு அனுப்புகின்றோம்.