என்னை வளர்த்த நூல்கள்

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மக்கள் மன்றத்தில் ஆற்றிய உரை)

 

"நீங்கள் படித்த நூல்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் எழுத்தாளரும் அல்லேன், புலவரும் அல்லேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சமையலறையிலும், பேருந்திலும், மருத்துவமனைத் திண்ணையிலும் கையில் ஒரு புத்தகத்தோடு காலம் கழித்தவள். அந்த ஒரு தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

யூபிலியின் நினைவாக நம் பங்கில் ஒரு படிப்பகம் அமைக்கவேண்டும் என்ற பேச்சு நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் எந்த நூல்களை வைப்பது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. செப நூல்களும் புனிதர் வரலாறுகளும் போதும் என்கிறார்கள் ஒரு சாரார். கதை, நாவல், வாழ்க்கை வரலாறு எல்லாம் வேண்டும் என்கிறார்கள் மற்றொரு சாரார். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவள். ஏன் என்பதை, எனக்குப் பிடித்த சில நூல்களைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

என் சிறு வயதில் எங்கள் ஊரில், "பெண்பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு?" என்பது பெரியவர்கள் வாயில் எப்போதும் இருந்த கேள்வி. செப மாலை சொல்லி, ஞானோபதேசம் படித்தால் போதும்; நாவல் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பார்கள். ஆனால் தமிழில் முதல் நாவலை எழுதியவர் யார்? நம்மைப் போல் பூசைக்குப் போய், செப மாலை சொன்ன ஒரு கத்தோலிக்கர்! மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள். 1826-இல் பிறந்து, முன்சீப்பாகப் பணியாற்றி, 1889-இல் மறைந்தவர். அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. இதை நான் அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னென்பேன்! பெரியவர்கள் விலக்கிவைத்த அந்தப் பொருள் நம் வீட்டிலேயே பிறந்தது அல்லவா?

அந்த நாவலில் பிரதாபனைக் காட்டிலும் என் மனத்தில் நின்றவள் ஞானாம்பாள். கணவனைப் பிரிந்து, ஆண் வேடம் பூண்டு, ஓர் ஊரில் அரியணையே ஏறி நீதி வழங்குகிறாள். இப்படியும் நடக்குமா என்று கேட்கலாம். நடக்காதுதான். ஆனால் பெண்ணுக்கு எழுத்தறிவே எதற்கு என்று கேட்ட காலத்தில், ஒரு பெண்ணிடம் நாட்டை ஒப்படைத்துப் பார்த்தாரே, அந்தத் துணிவுதான் பெரிது. கதைக்கு நடுவே, நம் நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் தெரிந்த மக்களின் வழக்கை ஆங்கிலத்தில் நடத்துவது என்ன நியாயம் என்றும் கேட்கிறார். நீதிபதியாக இருந்தவர் கேட்ட கேள்வி அது. கேட்டதோடு நில்லாமல், ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று நூலாகவும் தந்தார். இந்நாவல் இன்றைய பிள்ளைகளுக்கு நீளமாகத் தோன்றும். அறிவுரை அதிகம் என்றும் தோன்றும். எனக்கும் சில அதிகாரங்கள் அப்படித்தான் இருந்தன. எனினும் அதில் வரும் சிரிப்புக் கதைகளுக்காகவே இருமுறை படித்தேன்.

சிரிப்பு என்றதும் வீரமாமுனிவர் நினைவுக்கு வருகிறார். இத்தாலியில் 1680-இல் பிறந்து, மதுரை மறைபணித் தளத்திற்கு வந்த இயேசு சபைக் குரு அவர். அவருடைய 'தேம்பாவணி'யை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியத்தில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். உரை இல்லாமல் எனக்கு அது எளிதில் விளங்கவில்லை. உரையோடு மெல்ல மெல்லப் படித்தேன். யூதேயா நாட்டை வருணிக்கும்போது அவர் காட்டும் ஆறும் வயலும் சோலையும் நம் ஊர்ப்பக்கத்து ஆறும் வயலும் சோலையுமாகவே இருக்கின்றன. பாலை நிலத்து நாட்டை வைகைக் கரைபோல ஆக்கிவிட்டாரே என்று வியந்தேன்.

ஆனால் அதே கைதான் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற ஒரு குரு! ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். கரையேறிய பின் எண்ணிப் பார்த்து, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் குருக்கள் பேச்சுத் தமிழைக் கற்றுக்கொள்வதற்காக எழுதப்பட்ட நூல் இது. 1822-இல் இலண்டனிலேயே அச்சாயிற்று. வகுப்பில் நான் இக்கதையைச் சொல்லாத ஆண்டே இல்லை. ஒரு குருவானவர், குருமாரைப் பற்றியே இப்படி ஒரு கேலிக் கதை எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள். தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கத் தெரிந்த பக்திக்குப் புத்தகத்தைக் கண்டு அச்சமில்லை.

அடுத்து, நம் மறையைச் சேராத ஒருவரின் நூல். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாத ஐயரின் 'என் சரித்திரம்'. 1940-ஆம் ஆண்டு முதல் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்தது. 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப் பெறாமல் நின்றது. இந்த நூலை வாழ்நாளில் ஒரு முறையேனும் படியுங்கள் என்று இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பை அவர் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று அவர் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியால் ஐயரின் வாழ்க்கையே திசை மாறியது. அது சமண காப்பியம். சைவ மரபில் தமிழ் கற்ற பிராமணர் ஒருவர், ஊரிலிருந்த சமணர் வீடுகளைத் தேடிப்போய், அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். பிறர் சமயத்து நூலை அவர்களே மகிழும்படி பதிப்பித்தார் என்றால், அது எத்தகைய மனம்!

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவத்தில் ஊறியவர். அவரே நம் வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்தூர்க் கோவை' பாடினார். புத்தகம் படித்த மனிதர்கள் ஒருவரையொருவர் சமயம் கேட்டு விலக்கிவைக்கவில்லை. நம் படிப்பகத்தின் அலமாரியும் அப்படி இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

மதுரைக்காரர் என்ற உரிமையோடு இன்னொருவரைச் சொல்கிறேன். ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, நம் செயின்ட் மேரீஸ் பள்ளியில் படித்து, இளம் வயதில் கடல் கடந்து இந்தோனேசியாவின் மெடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். யுத்தம் முடிந்து திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் பல்லாண்டு பணிபுரிந்தார். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே மலேயாவிலும் சுமத்திராவிலும் திரியும் பாண்டியன் என்ற வாலிபன், கண்காணாத தேசத்தில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்குகிறான். அந்தப் பக்கங்களைப் படித்தபின், நான் நாள்தோறும் காய்கறிப் பையோடு நடந்த மாசி வீதிகள் எனக்குப் புதியவையாகத் தெரிந்தன. 1997-இல் அவர் மறையும்வரை நம்மிடையே வாழ்ந்தார். எத்தனை முறை அவரைக் கடந்து போயிருப்போமோ! இன்று அந்த நாவலைத் தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவரை அறிவதற்கும் நமக்கு ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவது இந்த உரையில் கடினமான பகுதி. யூபிலி மேடையில் இது தேவையா என்று சிலர் நினைக்கக்கூடும். தேவை என்றே நான் நினைக்கிறேன்.

பாமா எழுதிய 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. வெளியிட்டது நம் மதுரையில் இயங்கிய சமுதாயச் சிந்தனைச் செயல் ஆய்வு மையம். எழுதும்படி அவரைத் தூண்டியவர் ஒரு குருவானவர். கருக்கு என்றால் பனைமட்டையின் இருபுறமும் இரம்பப் பல்லாய் நிற்கும் விளிம்பு. தொட்டால் கையைக் கிழிக்கும். வத்திராயிருப்புப் பக்கத்துச் சிற்றூரில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதை அது. இலக்கணத் தமிழில் அல்ல, அவர்கள் தெருவில் பேசும் பேச்சிலேயே எழுதியிருக்கிறார்.

அதில் ஓர் இடம். சிறுமியான அவர் பள்ளியிலிருந்து வரும்போது, தம் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நிலக்கிழாரிடம் கொடுப்பதைப் பார்க்கிறார். வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரிக்கிறார். வீட்டில் அண்ணனிடம் சொன்னபோது, தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் விளக்குகிறார். அந்தச் சிரிப்பு அத்தோடு நின்றுவிடுகிறது. என் சிரிப்பும் நின்றது. பின்னர் அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யும் ஆசையோடு கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கே கண்டவை மனத்துக்கு ஒவ்வாமல் வெளியே வருகிறார். பலிபீடத்தின் முன் ஒன்றாக முழந்தாளிடும் நம்மிடையே சாதி எங்கெல்லாம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இந்நூலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "நம் வீட்டுக் குறையை வீதியில் சொல்லலாமா?" என்று அன்பான தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பதில் இதுதான்: "வீட்டில் சொன்னபோது யாரம்மா காது கொடுத்தார்கள்?" 2000-ஆம் ஆண்டில் இந்நூல் ஆங்கிலத்தில் வந்தது, உலகெங்கும் கல்லூரிகளில் படிக்கிறார்கள். உலகம் படித்து அறிந்ததை நம் பங்குப் பிள்ளைகள் மட்டும் படிக்காமல் இருப்பதா? ஆலயத்திற்கு வரும்போது நாம் மனச்சோதனை செய்கிறோம். தனி மனிதருக்கு மனச்சோதனை தேவை என்றால் ஒரு பங்குக்குத் தேவையில்லையா? அதற்கு உதவும் நூலை நான் பக்தி நூல் என்றே சொல்வேன்.

புத்தகத்துக்கு அஞ்சிய காலம் நம் திருச்சபையிலும் இருந்ததுண்டு. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று 16-ஆம் நூற்றாண்டு முதல் இருந்து வந்தது. 1966-இல், ஆறாம் பவுல் பாப்பரசர் காலத்தில், அது வழக்கொழிந்தது. உரோமையே கைவிட்ட பட்டியலை நம் படிப்பகத்தில் மறுபடி எழுதவேண்டாம்.

அதே திருச்சபைதான் தமிழ் அச்சின் தொடக்கத்திலும் நின்றது என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரீக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' வெறும் பதினாறு பக்க நூல். அந்தப் பதினாறு பக்கத்திலிருந்து வந்த வழிதான் நம் கைக்கு எட்டிய அத்தனை புத்தகங்களும். பல சபையினர் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தபோது, என் தலைமுறைப் பெண்கள் பலர் முதன்முறையாக வேதாகமத்தைக் கதைபோல் தொடர்ந்து படித்தோம்.

மதுரையில் 2023-ஆம் ஆண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அழகான பெரிய நூலகம். இருக்கட்டும். ஆனால் பேருந்து ஏறி அங்கே போகமுடியாத தாய்மார்களும், பள்ளி விட்டதும் கடையில் நிற்கும் பிள்ளைகளும் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடந்து வரும் தொலைவில் ஓர் அலமாரி போதும். அதில் புனிதர் வரலாறுகள் முதல் தட்டில் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் தட்டில் வேதநாயகம் பிள்ளையும் வீரமாமுனிவரும், மூன்றாம் தட்டில் உ.வே.சா.வும் சிங்காரமும் இருக்கட்டும். 'கருக்கு' பூட்டிய பெட்டியில் வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும். என்னிடமுள்ள நூல்களில் நல்லவற்றைத் தேர்ந்து படிப்பகத்துக்கு அளிக்கச் சித்தமாயிருக்கிறேன். மாலையில் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து, வருவோர்க்கு எடுத்துக் கொடுக்கவும் தயார்.